சங்கு ஓய்ந்த ஊரில் நள்ளிரவு அலர்ட்

கொங்கு மண்டலத்தின் டேட்டாபேஸ்களை விழித்திருந்து காக்கும் ஊழியர்களின் வேலை, ஓய்வு, உரிமை பற்றி ஒரு சிறப்புக் கட்டுரை

மாதத்தின் கடைசி இரண்டு நாட்களில் திருப்பூரில் எந்த எக்ஸ்போர்ட் கம்பெனிக்குள் நுழைந்தாலும் ஒரே பரபரப்புதான். பேக்கிங் முடிந்த அட்டைப்பெட்டிகள் லாரிக்காகக் காத்திருக்கும். லாரி இன்வாய்ஸுக்காகக் காத்திருக்கும். ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்கள் 2023 ஆகஸ்ட் 1 முதல் இ-இன்வாய்ஸ் போட்டே தீர வேண்டும். 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு என்றால் இ-வே பில்லும் வேண்டும். இரண்டுக்கும் தேவையான விவரம், அதாவது எந்த ஆர்டர், எத்தனை பீஸ், என்ன விலை, எந்த பையர் என்பதெல்லாம், கம்பெனியின் டேட்டாபேஸில் இருக்கிறது. அது நின்றால் லாரி நிற்கும். லாரி நிற்கிறதே என்று தூத்துக்குடியில் கப்பல் நிற்காது. கப்பலை விட்டுவிட்டால் விமானத்தில் அனுப்ப வேண்டும். அந்தச் செலவிலேயே ஆர்டரின் லாபம் கரைந்துபோகும்.

அந்த நேரத்தில் கம்பெனி மொத்தமும் ஒரே ஒருவரைத் தேடும். "சிஸ்டம் தம்பி எங்கீங்க?" மற்ற நாட்களில் அவர் எந்த அறையில் உட்கார்ந்திருக்கிறார் என்பதுகூடப் பலருக்குத் தெரியாது. பெரிய நிறுவனம் என்றால் அவருக்கு டேட்டாபேஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் என்று பெயர், சுருக்கமாக டி.பி.ஏ. சின்ன நிறுவனம் என்றால் பிரின்டருக்கு டோனர் மாற்றுவது, சிசிடிவி பார்ப்பது, டேட்டாபேஸைக் காப்பது எல்லாமே அவர் ஒருவர்தான்.

கோவை வட்டாரத்தில் இந்த வேலை இரண்டு இடங்களில் நடக்கிறது. ஒன்று, எல்லோருக்கும் தெரிந்த விளாங்குறிச்சி, சரவணம்பட்டி, கீரணத்தம் பக்கம். செம்மொழி மாநாடு நடந்த 2010-ஆம் ஆண்டில் டைடல் பார்க் வந்தது. பாஷ், காக்னிசன்ட் போன்ற பெரிய நிறுவனங்கள் இங்கே ஆழமாகக் காலூன்றிவிட்டன. 2024 நவம்பரில் விளாங்குறிச்சியில் அரசு நிறுவனமான எல்காட்டின் புதிய ஐ.டி. கட்டடத்தை முதல்வர் திறந்துவைத்தார். கடல் கடந்த கம்பெனிகளின் டேட்டாபேஸ்களை இங்கிருந்தபடியே பார்த்துக்கொள்கிறார்கள். இன்னொரு இடம் யார் கண்ணிலும் படுவதில்லை. கணபதி பவுண்டரி, பீளமேடு பம்ப்செட் கம்பெனி, பல்லடம் கோழிப்பண்ணை நிறுவனம், ஈரோடு ஜவுளிக் கடை, நாமக்கல் லாரி புக்கிங் ஆபீஸ், கரூர் வீட்டு உபயோக ஜவுளி, ஊருக்கு ஊர் ஆஸ்பத்திரி, கல்லூரி என்று எங்கே போனாலும் ஒரு மூலையில் ஒரு சர்வர் ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் பக்கத்தில் ஓர் ஆள் இருக்கிறார்.

இந்த இரண்டு இடங்களுக்கும் சம்பளத்தில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். ஆனால் ஒரு விஷயத்தில் இரண்டும் ஒன்று. டேட்டா பாதுகாப்புக்கு என்று மென்பொருள் வாங்க லட்சக்கணக்கில் செலவழிக்கிறார்கள். அந்த டேட்டாவைக் காக்கிற ஆளுக்கு நல்ல தூக்கம் கிடைக்கிறதா, அவருக்கு மாற்று ஆள் உண்டா என்று பார்ப்பதில்லை. களைத்துப்போன ஒற்றை ஆளிடம் மொத்த டேட்டாபேஸையும் விட்டுவைப்பதைவிடப் பெரிய ஆபத்து ஒரு நிறுவனத்துக்குக் கிடையாது என்பதைத்தான் இந்தக் கட்டுரை சொல்ல வருகிறது.

ஞாயிறு அதிகாலை 2 மணி

டேட்டாபேஸ் வேலையில் முக்கியமானதெல்லாம் ஊர் தூங்கும்போதுதான் நடக்கும். பேட்ச் போடுவது, வெர்ஷன் மாற்றுவது, டேட்டாவைப் புது சர்வருக்கு நகர்த்துவது எதையும் பகலில் செய்ய முடியாது, பகலில் செய்தால் வியாபாரம் நிற்கும். உள்ளூர் மில்லுக்கும் வங்கிக்கும் அதற்கான நேரம் ஞாயிறு அதிகாலை. அமெரிக்க கிளையன்ட் என்றால் அவர்களுடைய சனி நள்ளிரவு, நமக்கு ஞாயிறு காலையும் மதியமும். வாரநாட்களில் நியூயார்க்கில் ஆபீஸ் திறக்கும் 9 மணி நமக்குக் கோடையில் மாலை 6.30, குளிர்காலத்தில் 7.30. மார்ச்சிலும் நவம்பரிலும் அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் மாற்றினால், இங்கே சரவணம்பட்டியில் ஒரு வீட்டின் சாப்பாட்டு நேரமும் தூங்கும் நேரமும் மாறிவிடும்.

ஆன்-கால் என்பது இதற்கும் மேலே. வேலை நேரம் முடிந்து வீட்டுக்குப் போன பிறகும் போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுக்க வேண்டும். அலர்ட் வந்தால் 15 நிமிடத்தில் லேப்டாப் முன்னால் இருக்க வேண்டும் என்பது பல இடங்களில் எழுதப்பட்ட விதி. அலர்ட் வராத இரவிலும் தூக்கம் முழுத் தூக்கமாக இருப்பதில்லை. கல்யாணப் பந்தி, காதுகுத்து, குலதெய்வக் கோயில் பொங்கல் என்று எங்கே போனாலும் லேப்டாப் பை கூடவே போகும். கைக்குழந்தை இருக்கும் பெண் ஊழியருக்கு இது இரண்டு மடங்கு பாரம். ஆன்-கால் பட்டியலிலிருந்து விலகினால், அப்ரைசலில் அது குறையாகப் பதிவாகிவிடுமோ என்ற பயம் வேறு.

அலர்ட் வந்தால் என்ன நடக்கும்? ஓர் உதாரணத்தைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்ப்போம். டேட்டாபேஸில் எந்த மாற்றம் செய்தாலும், அந்த மாற்றம் உரிய இடத்தில் போய்ச் சேருவதற்கு முன்பே, 'இப்படி ஒரு மாற்றம் செய்யப்போகிறேன்' என்று ஒரு தனிக் குறிப்பேட்டில் எழுதப்படும். அதற்கு லாக் என்று பெயர். நடுவில் கரன்ட் போனாலும், மறுபடி சர்வர் எழுந்ததும் அந்தக் குறிப்பேட்டைப் படித்து, முடிந்த வேலையை முடித்தபடியும் முடியாத வேலையை நடக்காதபடியும் சரிசெய்துகொள்ளும். சென்னை ஐ.ஐ.டி.யில் படித்து ஐ.பி.எம். நிறுவனத்தில் ஆராய்ச்சியாளராக இருந்த சி. மோகனும் அவருடைய சகாக்களும் 1992-இல் வெளியிட்ட ஏரீஸ் என்ற முறை இந்த மீட்பு வேலையை எப்படிப் பிழையில்லாமல் செய்வது என்று வகுத்துத் தந்தது. இன்று உலகத்தின் பெரிய டேட்டாபேஸ்கள் பலவற்றில் ஓடுவது அதுவோ அதன் வழிவந்ததோதான். நம் ஊர் டி.பி.ஏ.க்கள் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிக்கொள்ள வேண்டிய பெயர் அது.

இந்த லாக் இருக்கும் டிஸ்க் நிறைந்துபோனால் டேட்டாபேஸ் புதிதாக எதையும் எழுத மறுத்துவிடும். வெள்ளிக்கிழமை ஒரு பேக்கப் ஜாப் ஃபெயில் ஆகியிருக்கும். எச்சரிக்கை மெயில் 400 மெயில்களுக்கு நடுவே கிடக்கும். யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். ஞாயிறு அதிகாலை டிஸ்க் நிறையும், மில்லில் எல்லா டிபார்ட்மென்டிலும் என்ட்ரி நிற்கும், போன் அடிக்கும். தூக்கக் கலக்கத்தில் எழுந்து வந்தவர் கண்ணில் முதலில் படுவது, இடத்தை எல்லாம் அடைத்துக்கொண்டிருக்கும் அந்த லாக் ஃபைல்தான். 'இதை டெலிட் செய்தால் இடம் கிடைக்குமே' என்று தோன்றும். செய்தால் டேட்டாபேஸ் போயிற்று. இந்தத் தவறு உலகம் முழுக்க எத்தனை பேருக்கு நேர்ந்தது என்பதற்கு ஓர் அடையாளம் உண்டு. போஸ்ட்கிரெஸ் என்ற புகழ்பெற்ற டேட்டாபேஸில் அந்த ஃபோல்டரின் பெயரில் 'லாக்' என்ற சொல் இருந்தது. வெறும் பதிவுக் குப்பை என்று நினைத்துப் பலரும் அழித்துவிட்டதால், 2017-இல் வந்த 10-ஆம் வெர்ஷனில் ஃபோல்டரின் பெயரையே மாற்றிவிட்டார்கள். பகலில் நிதானமாக இருக்கும்போது செய்யாத தப்பை அதிகாலை 2 மணிக்கு எந்த நல்ல டி.பி.ஏ.யும் செய்யக்கூடும் என்பதை ஒப்புக்கொண்டு, அந்த மென்பொருளை உருவாக்கியவர்களே தங்கள் பக்கத்தைத் திருத்திக்கொண்டார்கள். நம் நிறுவனங்கள் கற்க வேண்டிய பாடம் இது.

ஒரு கட்டளை, 300 ஜி.பி.

2017 ஜனவரி 31. கிட்லேப் என்ற நிறுவனம். உலகம் முழுக்க மென்பொருள் எழுதுகிறவர்கள் தங்கள் புரோகிராம்களைச் சேமித்து வைக்கும் இடம். அன்று இரவு அதன் டேட்டாபேஸில் திடீரென்று பளு கூடியது. மெயின் சர்வரிலிருந்து இரண்டாம் சர்வருக்குப் போகிற நகல் நின்றுபோனது. நெதர்லாந்திலிருந்து வேலை பார்த்த இன்ஜினீயர் ஒருவர், நேரமாகிவிட்டது, வேலையை முடித்துக்கொள்ளலாம் என்று இருந்தவர், இந்தப் பிரச்னை வந்ததால் மறுபடி உட்கார்ந்தார். பலமுறை முயன்றும் நகல் ஓடவில்லை. இரண்டாம் சர்வரில் இருக்கும் பழைய ஃபோல்டரை அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கலாம் என்று முடிவுசெய்தார். கட்டளையை அடித்தார். ஓரிரு விநாடியில்தான் தெரிந்தது, திரையில் திறந்திருந்தது இரண்டாம் சர்வர் இல்லை, மெயின் சர்வர். சட்டென்று நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜி.பி. டேட்டா அழிந்து, நாலரை ஜி.பி. மட்டும் மிஞ்சியிருந்தது.

பேக்கப் இருக்கிறதே என்று போய்ப் பார்த்தார்கள். ஐந்து விதமான ஏற்பாடுகள் இருந்தன. ஒன்றும் உடனடியாகக் கைகொடுக்கவில்லை. தினமும் ஓடவேண்டிய பேக்கப், டேட்டாபேஸ் ஒரு வெர்ஷனும் பேக்கப் கருவி இன்னொரு வெர்ஷனுமாக இருந்ததால் பல நாட்களாகச் சத்தமில்லாமல் ஃபெயில் ஆகிக்கொண்டிருந்தது. ஃபெயில் ஆனதைச் சொல்லும் மெயில்களும் வந்து சேரவில்லை. மெயில் சர்வர் அவற்றைத் திருப்பி அனுப்பியிருந்தது. பேக்கப் இருக்க வேண்டிய இடம் காலியாகக் கிடந்தது. கடைசியில் காப்பாற்றியது, ஆறு மணி நேரத்துக்கு முன்பு அதே இன்ஜினீயர் வேறு ஒரு சோதனைக்காகத் தன் கையால் எடுத்து வைத்திருந்த ஒரு நகல். அதை வைத்து ஒரு நாளுக்குள் மீண்டார்கள். நடுவில் இருந்த ஆறு மணி நேரத்தின் சுமார் 5,000 புராஜெக்ட்கள், 5,000 கமென்ட்கள், 700 புதிய பயனர் கணக்குகள் போனது போனதுதான்.

அந்த நிறுவனம் அதற்குப் பிறகு செய்ததுதான் இன்றும் பேசப்படுகிறது. எதையும் மூடி மறைக்கவில்லை. என்ன செய்கிறோம் என்பதைப் பொதுவில் எழுதிக்கொண்டே வந்தது. மீட்பு வேலையை யூடியூபில் நேரலையாகக் காட்டியது. அந்த இன்ஜினீயரை வேலையை விட்டு அனுப்பவில்லை. ஒரு மனிதர் ஒரு கட்டளையைத் தப்பாக அடிக்க முடிந்தது என்றால், அடிக்க விட்ட ஏற்பாட்டில்தான் குறை என்று அறிக்கை எழுதியது.

நம் ஊரில் இப்படி நடந்தால்? மறுநாள் ஆர்.சி.ஏ., அதாவது மூலக் காரணம் தேடும் மீட்டிங். 'யார் செய்தது' என்பதுதான் அங்கே முதல் கேள்வி. 'ஏன் செய்ய முடிந்தது' என்பது கடைசிக் கேள்வி, அல்லது கேட்கப்படாத கேள்வி. பெயர் தெரிந்ததும் மீட்டிங் முடிந்துவிடும். அந்த ஆள் அடுத்த வாரம் பேப்பர் போடுவார். அவரோடு, அந்தத் தவறு எப்படி நடந்தது என்ற அறிவும் கம்பெனியை விட்டுப் போய்விடும். அடுத்து வருகிறவர் அதே குழியில் விழுவார்.

பழி கீழே இறங்குவதற்கு ஓர் உதாரணம். 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்களை, டேட்டாவைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் தாக்கியது. ஐந்து சர்வர்கள், சுமார் 1.3 டெராபைட் டேட்டா பூட்டப்பட்டது. கிட்டத்தட்ட இரண்டு வாரம் சீட்டு எழுதியும் பேனாவால் குறித்தும் நோயாளிகளைப் பார்த்தார்கள். நெட்வொர்க்கைச் சரியாகப் பிரித்து வைக்காததுதான் காரணம் என்று அரசு பின்னர் நாடாளுமன்றத்தில் சொன்னது. பிரித்து வைப்பது பணமும் அதிகாரமும் கொண்டவர்கள் எடுக்க வேண்டிய முடிவு. ஆனால் அந்த நாட்களில் பணியிடை நீக்கம் செய்யப்பட்டதாகச் செய்தி வந்தது இரண்டு சிஸ்டம் அனலிஸ்ட்கள் பற்றித்தான்.

வேறு மாதிரியும் செய்ய முடியும். கரூரில் பிறந்த லட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பரில் டி.பி.எஸ். வங்கியின் இந்தியத் துணை நிறுவனத்தோடு இணைக்கப்பட்டது நம் பக்கத்து மக்களுக்கு நினைவிருக்கும். அந்த டி.பி.எஸ்ஸின் தாய் வங்கி சிங்கப்பூரில் 2023-இல் அடுத்தடுத்து முடங்கியது. ஆறு மாதத்துக்கு அவசியமில்லாத புது வேலை எதையும் தொடங்கக் கூடாது என்று அந்நாட்டு நிதி ஆணையம் நவம்பரில் உத்தரவிட்டது. அடுத்த பிப்ரவரியில் வங்கி, தலைமைச் செயல் அதிகாரிக்குக் கிடைக்க வேண்டிய செயல்திறன் ஊதியத்தில் 30 சதவீதத்தை வெட்டியது. பிரிட்டனில் டி.எஸ்.பி. வங்கி 2018 ஏப்ரலில் டேட்டாவைப் புது அமைப்புக்கு மாற்றப்போய் 19 லட்சம் வாடிக்கையாளர்கள் கணக்குக்குள் நுழைய முடியாமல் தவித்தார்கள். வங்கிக்கு 4.865 கோடி பவுண்ட் அபராதம். தனியாக, தகவல் தொழில்நுட்பத் தலைவருக்கும் 81,620 பவுண்ட் அபராதம் விதித்தார்கள். மேலே இருப்பவர் பையிலிருந்து பணம் போனால்தான் கீழே இருப்பவர் கேட்கும் இரண்டாவது ஆளும், சோதனை சர்வரும் கிடைக்கும்.

அப்புச்சி வாங்கிய இரட்டிப்புக் கூலி

இந்த மண்ணுக்கு ராத்திரி வேலை புதிதில்லை. 1888-இல் ஸ்டேன்ஸ் தொடங்கிய மில்லிலிருந்து ஆரம்பித்து, பைக்காரா மின்சாரம் வந்த 1930-களில் பெருகிய மில்கள் வரை, கோவையின் வாழ்க்கையே ஷிப்ட் சங்குக்குக் கட்டுப்பட்டு நடந்தது. அந்த மில்களில் வேலை நேரத்துக்கும் கூலிக்கும் மரியாதைக்கும் நடந்த போராட்டங்கள் சாதாரணமானவை அல்ல. ரங்கவிலாஸ் மில் தொழிலாளர்கள் நால்வர் 1946 ஜனவரி 8 அன்று கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். சின்னியம்பாளையம் தியாகிகள் என்று ஊர் அவர்களை இன்றும் நினைவில் வைத்திருக்கிறது. அந்தச் சின்னியம்பாளையத்திலிருந்து ஐ.டி. கட்டடங்கள் சில கிலோமீட்டர் தூரத்தில்தான் இருக்கின்றன.

இந்தியா முழுக்க அப்படிப்பட்ட போராட்டங்கள் நடந்த காலத்தின் தொடர்ச்சியாக வந்ததுதான் 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம். வாரத்துக்கு 48 மணி நேரம், அதற்கு மேல் வேலை வாங்கினால் இரட்டிப்புக் கூலி. மூன்றாம் ஷிப்ட் பார்த்த அப்புச்சிக்குக் கிடைத்த அந்த உரிமை, எம்.சி.ஏ. படித்து லேப்டாப்போடு ராத்திரி விழிக்கும் பேரனுக்கும் பேத்திக்கும் ஏன் கிடைக்கவில்லை? சட்டம் இல்லாமல் இல்லை. 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டமும் நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்றுதான் வரம்பு வைக்கிறது. கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்பு என்றுதான் சொல்கிறது. நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு விலக்கு உண்டு. தனக்குக் கீழே ஓர் ஆள்கூட இல்லாதவருக்கு 'லீட்' என்று பெயர் வைத்து அந்த விலக்குக்குள் தள்ளுவது அநியாயம். நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. அதிலும் நியமனக் கடிதம் கட்டாயம், கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்பு ஊதியம் என்றே இருக்கிறது. யார் தொழிலாளி, யார் மேற்பார்வையாளர் என்ற பழைய இழுபறிதான் இனியும் தொடரும்.

இப்போதைக்கு வழக்கத்தில் இருப்பது காம்ப்-ஆஃப். ஞாயிறு விழித்தால் வேறு ஒரு நாள் லீவு. அந்த வேறு ஒரு நாள் புராஜெக்ட் பரபரப்பில் தள்ளிப்போய், காலாவதியாகி, கணக்கிலிருந்து மறைந்துவிடும். ஆன்-கால் படி என்று ஒரு தொகை சில இடங்களில் உண்டு, பல இடங்களில் இல்லை. கேட்கத் தயக்கம். சங்கம் என்றால் அதைவிடத் தயக்கம். ஐ.டி. ஊழியர்களுக்கும் தொழிற்சங்கம் அமைக்கும் உரிமை உண்டு என்று 2016 ஜூனில் தமிழ்நாடு அரசு தெளிவாகவே சொல்லிவிட்டது. அந்தச் செய்தி சரவணம்பட்டி பேச்சிலர் ரூம்களுக்கு இன்னும் முழுதாகப் போய்ச் சேரவில்லை.

இது பணம் பற்றிய பேச்சு மட்டும் இல்லை. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021-இல் வெளியிட்ட ஆய்வு, வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை பார்ப்பவர்களுக்குப் பக்கவாதம் வரும் ஆபத்து 35 சதவீதம் கூடுகிறது, இதய நோயால் சாகும் ஆபத்து 17 சதவீதம் கூடுகிறது என்று கணக்கிட்டது. 35 முதல் 40 மணி நேரம் வேலை பார்ப்பவர்களோடு ஒப்பிட்ட கணக்கு அது. வாரம் 70 மணி, 90 மணி என்று பெரிய நிறுவனத் தலைவர்கள் மேடையில் பேசும்போது, இந்த எண்களை யாராவது எழுந்து சொல்ல வேண்டும். பிரான்ஸில் 2017 ஜனவரி முதல், ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட் முதல், வேலை நேரம் முடிந்த பிறகு ஆபீஸ் அழைப்புக்குப் பதில் சொல்லாமல் இருக்கும் உரிமைக்குச் சட்டம் வந்துவிட்டது.

"பேக்கப் எடுத்தாச்சுங்களா?"

கொங்கு முதலாளிகளில் பெரும்பாலோர் மெஷினைத் தொட்டுப் பழகியவர்கள். லேத்திலிருந்தும் தறியிலிருந்தும் மேலே வந்தவர்கள். பேரிங் சத்தத்தை வைத்தே கோளாறு சொல்லுவார்கள். ஆனால் சர்வர் அறை வாசலில் அந்தக் கூர்மை நின்றுவிடுகிறது. "ஏனுங்க தம்பி, பேக்கப் எடுத்தாச்சுங்களா?" "எடுத்தாச்சுங்ண்ணா, தினமும் ஓடுதுங்க." பேச்சு அதோடு முடிந்தது. 'அதை எடுத்து வேறொரு மெஷினில் ஏற்றிப் பார்த்தீங்களா, எவ்வளவு நேரம் ஆச்சு?' என்று கேட்பவர் அபூர்வம். போர்வெல்லில் மோட்டாரை இறக்கிவிட்டு ஒருமுறைகூட ஸ்விட்ச் போட்டுப் பார்க்காமல் தண்ணீர் வரும் என்று எந்த விவசாயியும் நம்பமாட்டார். ரீஸ்டோர் செய்து பார்க்காத பேக்கப்பும் அப்படித்தான்.

பேக்கப்பே இல்லாமல் பெரிய அரசாங்கங்களும் ஏமாந்திருக்கின்றன. 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் தேஜான் நகரில் அரசு டேட்டா சென்டரில் பேட்டரி தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் தங்கள் ஆவணங்களைச் சேமித்து வைத்திருந்த 858 டெராபைட் டேட்டா எரிந்துபோனது. அதற்கு வெளியே நகல் இல்லை. நம் பக்கத்தில், 2024 ஜூலை கடைசியில் சி-எட்ஜ் என்ற நிறுவனத்தை ரேன்சம்வேர் தாக்கியபோது, அதை நம்பியிருந்த சுமார் 300 கூட்டுறவு, கிராமப்புற வங்கிகள் பணப் பரிமாற்ற வலையிலிருந்து தற்காலிகமாகத் துண்டிக்கப்பட்டன. நகரத்துப் பெரிய வங்கிக்கு வரும் பிரச்னை இது என்று இனி யாரும் ஒதுங்கி நிற்க முடியாது.

சட்டமும் நெருங்கி வருகிறது. கம்ப்யூட்டர் தாக்குதல் என்று தெரிந்த 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குச் சொல்ல வேண்டும் என்பது 2022 ஏப்ரலில் வந்த உத்தரவு. 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாகிவிட்டன. நிறுவனங்களுக்கான முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதத்தில் முழுதாக நடைமுறைக்கு வரும். போதிய பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம். ஆஸ்பத்திரி, பள்ளி, சீட்டு நிதி நிறுவனம் எல்லாமே இதற்குள் வரும்.

இவ்வளவும் தெரிந்த பிறகும், பல இடங்களில் எல்லா பாஸ்வேர்டும் ஒரே ஆளின் தலைக்குள் இருக்கின்றன. அந்த ஆளை லீவில் போக விடமாட்டார்கள். அவர் வேலையை விட நினைத்தால் 90 நாள் நோட்டீஸ், ரிலீவிங் லெட்டர் இழுத்தடிப்பு. சேரும்போதே அசல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்கிற இடங்களும் உண்டு. கட்டிப்போட்டு வைத்தால் ஆள் இருப்பார், மனது இருக்காது. மனது இல்லாத கையில், வியாபாரம் ஓடுகிற புரொடக்‌ஷன் சர்வரின் சாவி இருப்பது யாருக்கும் நல்லதல்ல. இரண்டாவது ஆளுக்குப் பயிற்சி கொடுத்து, எல்லாவற்றையும் எழுதி வைத்து, பாஸ்வேர்டைப் பூட்டிய இடத்தில் வைத்துவிட்டால், இவரையும் நிம்மதியாக லீவில் அனுப்பலாம், கம்பெனியும் நிம்மதியாக இருக்கலாம். இரண்டாவது ஆள் செலவு என்று கணக்குப் போடுகிறவர்கள், ஒரு நாள் டிஸ்பாட்ச் நின்றால் என்ன நஷ்டம் என்பதையும் அதே தாளில் எழுதிப் பார்க்கட்டும்.

ஏ.ஐ. வந்தால் இந்த வேலை இருக்குமா?

கல்லூரி மாணவர்கள் எங்கே போனாலும் கேட்கும் கேள்வி இது. தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் டேட்டாபேஸ் என்று ஆரக்கிள் 2017-இலேயே அறிவித்தது. பேட்ச், டியூனிங், பேக்கப் போன்ற வழக்கமான வேலைகள் கிளவுடில் பெருமளவு தானாகவே நடக்கின்றன. டி.சி.எஸ். 2025 ஜூலையில் சுமார் 12,000 பேரை, அதாவது ஊழியர்களில் 2 சதவீதம் பேரை, குறைக்கப்போவதாகச் சொன்னது. பெரும்பாலும் நடுத்தர, மூத்த நிலைகளில் இருப்பவர்கள். பயம் நியாயமானதுதான்.

அதே 2025 ஜூலையில் இன்னொன்றும் நடந்தது. அமெரிக்காவில் ரெப்லிட் என்ற நிறுவனத்தின் ஏ.ஐ. கருவியை வைத்து ஒரு தொழில்முனைவோர் மென்பொருள் உருவாக்கிக்கொண்டிருந்தார். எதையும் மாற்றக் கூடாது என்று தெளிவாகச் சொல்லியிருந்தார். அதையும் மீறி அந்தக் கருவி, 1,200-க்கும் மேற்பட்ட நிர்வாகிகளின் விவரம் இருந்த நேரடி டேட்டாபேஸை அழித்துவிட்டது. கேட்டபோது மீட்கவே முடியாது என்றும் சொன்னது. அவர் தானே முயன்று பார்த்தார், மீட்க முடிந்தது. நிறுவனத் தலைவர் மன்னிப்புக் கேட்டு, சோதனை டேட்டாபேஸையும் நேரடி டேட்டாபேஸையும் தனித்தனியாகப் பிரிக்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தார். எந்த டி.பி.ஏ.யும் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் கற்கும் பாடம் அது.

பட்டனை அழுத்தும் வேலை குறையும். எந்த பட்டனை யார் அழுத்தலாம் என்று முடிவு செய்யும் வேலை கூடும். லாக் என்ன செய்கிறது, ஒரு கொயரி ஏன் மெதுவாக ஓடுகிறது, ஒரு டேட்டாபேஸை நேற்று மாலை 4 மணி நிலைக்கு எப்படித் திருப்புவது என்று அடிப்படையோடு கற்றவர்களுக்கு வேலை இருக்கும். ஒரே மென்பொருளின் திரையில் எங்கே கிளிக் செய்ய வேண்டும் என்பதை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள் இப்போதே விழித்துக்கொள்வது நல்லது.

கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் தொழிலதிபர்களுக்கு ஒரு வேண்டுகோள். வருகிற சனிக்கிழமை பகலிலேயே உங்கள் சிஸ்டம் தம்பியை உட்கார வைத்து, கடைசி பேக்கப்பை வேறொரு மெஷினில் ஏற்றச் சொல்லுங்கள். பக்கத்திலேயே நில்லுங்கள். ஏறினால் எவ்வளவு நேரம் ஆனது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஏறாவிட்டால் அவரைத் திட்டாதீர்கள். என்ன வேண்டும் என்று கேட்டு வாங்கிக் கொடுங்கள். ஐ.டி. நிறுவனங்களின் மனிதவளத் துறையினரே, ஆன்-கால் இரவுக்கு ஒரு தொகையை நியமனக் கடிதத்திலேயே எழுதுங்கள். ராத்திரி விழித்தவரை மறுநாள் காலை 10 மணி மீட்டிங்குக்குக் கூப்பிடாதீர்கள். டி.பி.ஏ. தம்பி, தங்கைகளே, உங்கள் காம்ப்-ஆஃப் கணக்கை நீங்களே எழுதி வையுங்கள், காலாவதியாகும் முன் கேட்டு எடுங்கள். கண் செருகும் நேரத்தில் புரொடக்‌ஷனில் கை வைக்கச் சொன்னால், பக்கத்தில் இன்னொருவர் இல்லாமல் வைக்க மாட்டேன் என்று சொல்லுங்கள். அப்படிச் சொல்வது உங்கள் வேலையின் ஒரு பகுதி.